எக்ஸ்ப்ளோரர் 201: ஆஃபா மண்கரைக்கு இந்த மேப் போதுமா?

வேல்ஸ் எல்லையோரம் நடு இங்கிலாந்தின் பழைய அரசான மெர்சியாவின் மன்னன் ஆஃபா (ஆட்சி 757–796) எழுப்பிய மண்கரையை நைட்டன் ஊர்ப் பக்கம் நடந்து பார்க்க, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 201தான் சரியான மேப். அளவு 1:25,000. கரை எந்த வழியாகப் போகிறது என்பதில் குறை சொல்ல இடமில்லை. அது எவ்வளவு பெரியது, எவ்வளவு கரைந்துபோயிருக்கிறது என்று கேட்டால்தான் மேப் வாய் திறக்காது.

கணக்குப் போட்டாலே தெரியும். தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். கரையும் அகழியும் சேர்ந்து, அகலமான இடத்தில்கூட சுமார் 20 மீட்டர்தான், தாளில் 0.8 மி.மீ. நன்றாக நிற்கும் இடத்தில் உயரம் 2.4 மீட்டர். சமஉயரக் கோடு 5 மீட்டருக்கு ஒன்று என்றாலும், இரண்டு கோடுகளுக்கு நடுவே மொத்தக் கரையும் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்கு, கரை உச்சியிலேயே நடைபாதை போகும் இடங்களில் பாதையின் பச்சை வைர வடிவக் குறி அதன்மேல் உட்கார்ந்துவிடுகிறது.

பலர் சறுக்குவது எல்லைக்கோட்டில். இன்றைய இங்கிலாந்து–வேல்ஸ் எல்லை சில இடங்களில் மட்டுமே கரையோடு ஒட்டிப் போகிறது. காதிக் (Gothic) என்ற பழைய பாணி ஆங்கில எழுத்தில் பெயர் போட்டிருப்பதைத்தான் பின்தொடர வேண்டும். தரையில் வயல் வரப்பா கரையா என்று குழம்பினால் மேற்கே பாருங்கள். அகழி பெரும்பாலும் வேல்ஸ் பக்கம்தான். கிழக்கே தெரியும் பள்ளம் மண் எடுத்த குழியாக இருக்கலாம்.

மேப் விட்ட இடத்தை, லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளக்கும் லைடார் நிரப்பும். இங்கிலாந்து, வேல்ஸ் அரசுத் தரவு இலவசம். அந்தத் தரவிலிருந்து மேடுபள்ளத்தை ஒளி, நிழலாகக் காட்டும் படம் (ஹில்ஷேட்) போடும்போது ஒளியை மேற்கிலிருந்து, 30 பாகை உயரத்தில் வையுங்கள்: கரையின் மேற்குச் சரிவு வெளுத்து, அகழியின் எதிர்ச்சுவர் கறுத்து, கோடு பளிச்சென்று எழும். ஒளி வடக்கிலிருந்து வந்தால், வடக்கு தெற்காக ஓடும் கரை மங்கிப் போகும். "இங்கே ஒன்றுமில்லை" என்ற தவறான முடிவு பாதி இதனால்தான்.

இடம் குறிக்க மேப்பின் கட்டங்களை வைத்து எட்டு இலக்கக் குறியீடு (grid reference) எழுதுங்கள். ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்தோடு நின்றுவிடும், கரை அதற்குள் எங்கும் இருக்கலாம்.

வாங்குவதானால் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆக்டிவ் பதிப்பு; கூடுதல் எடைதான், ஆனால் காகிதப் பதிப்பு நனைந்தால் மடிப்போரம்தான் முதலில் கிழியும். வடக்கே மான்ட்கமரி நோக்கித் தொடர 216ம் வேண்டும்.