சாமி பட டைல்ஸ்: சுவர் தப்பும், தெரு தப்பாது

காம்பவுண்டு சுவரோரம் ஒன்றுக்குப் போகிறவர்களைத் தடுக்கப் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மக்கா-மதீனா மூன்றையும் செட்டாகக் கேட்டு வாங்குகிறார்கள். பலன் உண்டா? உண்டு. ஆனால் வாங்குகிறவர் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை.

கடையில் இரண்டு ரகம் இருக்கும். ஒன்று, படத்தை அச்சிட்டு மறுபடி சூளையில் சுட்டது. இன்னொன்று, வெறும் டைல் மேல் ஸ்டிக்கரோ மேலோட்டமான பிரிண்டோ போட்டது. பஞ்சில் தின்னர் தொட்டு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் பஞ்சில் ஏறினால் அது வெயிலுக்கும் மழைக்கும் ஆகாது. முகம் வெளுத்துப்போன சாமிக்கு யாரும் பயப்படுவதில்லை.

பதிப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் மேலேயே ஒட்டினால் அந்தப் பூச்சோடு சேர்ந்து டைலும் உரிந்து விழும். பூச்சைச் சிமெண்ட் தெரியச் சுரண்டி, ஈரப்படுத்தி, டைல் பசையை முதுகு முழுக்கப் பரப்ப வேண்டும். நான்கு மூலைக்கு நான்கு உருண்டை வைத்தால் நடுவில் தண்ணீர் இறங்கி, உப்புப் பூத்து, தட்டினால் ‘டொக்’கென்று சத்தம் வரும். உயரம் தரையிலிருந்து மூன்றடி. சுவரருகே வந்து நிற்கிறவன் குனியும்போது கண்ணில் படுவது அங்கேதான். ஆறடியில் வைத்தால் இருட்டில் தெரியாது. ஓரடியில் வைத்தால் சேறு தெறிக்கும், நாயும் காலைத் தூக்கும். நாய்க்கு ஆத்திகமும் இல்லை, நாத்திகமும் இல்லை. ஒவ்வொரு நான்கடிக்கும் ஒரு டைல் வேண்டும். பத்தடி இடைவெளி விட்டால் அந்த இடைவெளிதான் கழிப்பிடம். மாடிப்படி மூலையில் வெற்றிலை எச்சிலுக்கு என்றால் இரண்டு பக்கச் சுவரிலும் ஒன்றரை அடி உயரம் போதும்.

இனி, தடுப்பது பக்தியா? 2006-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. ஆளில்லாத காபி மேஜையில், குடித்தவர்கள் தாங்களாகவே காசு போடும் உண்டியலுக்கு மேல் வெறும் கண்களின் படத்தை ஒட்டினார்கள். பூப்படம் இருந்த வாரங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது. 2007-இல் வெளியான கனடா ஆய்வில், கடவுள் தொடர்பான சொற்களை வாக்கியமாக அடுக்கியவர்கள் கையிலிருந்த 10 டாலரில் முகம் தெரியாத ஒருவருக்குச் சராசரியாக 4.22 கொடுத்தார்கள், மற்றவர்கள் 1.84. போலீஸ், நீதிமன்றம் போன்ற சொற்களும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தன. பிறகு வேறு குழு இப்படிச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நின்று கொல்லும் தெய்வம் இந்தச் சுவரில் அன்றே கொல்லும் அரசனின் வேலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான். டைல் அந்த நிமிடத்தில் நினைவூட்டுகிறது. நிமிடம் போனால் நினைவும் போச்சு.

அதனால்தான் சாமியைக் கண்டு கையை இழுத்துக்கொண்ட அதே ஆள், எதிர்ச்சுவரில் தயக்கமில்லாமல் வேலையை முடிக்கிறான். தெருவை நாறடிப்பது தவறு என்று அவன் நினைக்கவில்லை, படத்தின் மேல் படுவதுதான் பாவம் என்று நினைக்கிறான். படம் தீட்டுப்படாமல் காப்பது ஒரு ஒழுக்கம். அடுத்த வீட்டுக்காரனுக்கு நாற்றம் வராமல் பார்ப்பது வேறு ஒழுக்கம். கடைக்காரர் விற்பது முதலாவதை மட்டும். பக்கத்தில் நடக்கிற தூரத்தில் திறந்திருக்கும் கழிப்பறை இல்லையென்றால், நீங்கள் செலவழித்து நாற்றத்தை அடுத்த வீட்டுக்கு நகர்த்துகிறீர்கள்.

சாமியைக் காவலுக்கு நிறுத்துவதே அவமதிப்பு என்று வருந்துகிறவர்களும் உண்டு. இப்படிப் படம் ஒட்டுவதைத் தடுக்கக் கோரிய பொதுநல மனுவை 2022 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டம் விட்டாலும், குடியிருப்புச் சங்கத்தில் பேசி முடித்துவிட்டு ஒட்டுவது நல்லது. ஒரே மதத்துப் படம் மட்டும் வைத்தால் ‘எங்க சாமிதான் கிடைச்சுதா?’ என்ற சண்டை நிச்சயம்.

கடைசியாக ஒரு செலவை யாரும் சொல்வதில்லை. டைல் விரிசல் விட்டால் பெயர்த்தாக வேண்டும். சாமி முகத்தில் உளி வைக்கக் கொத்தனார்கள் தயங்குவார்கள். பெயர்த்ததைக் குப்பையில் போடவும் மனம் வராமல் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுப் போவார்கள். ஆகவே முடிந்தால் பசையில் ஒட்டாமல், தொடக்கத்திலேயே சுவரில் நான்கு திருகாணி அடித்து, அலுமினியச் சட்டத்துக்குள் டைலைப் பொருத்திவிடுங்கள். பழுதானால் உளியில்லாமல் கழற்றலாம்.