சூரியக் காற்றைச் சூடாக்குவது கொந்தளிப்பா, காந்த அலைகளா?

சூரியனிலிருந்து கிளம்பும் காற்று, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களின் ஓட்டம், போகப் போக விரிகிறது. விரிகிற வாயு குளிர வேண்டும். ஆனால் 1970களில் ஹீலியோஸ் விண்கலங்கள் அளந்தபோது, அதிலுள்ள புரோட்டான்களின் வெப்பநிலை கணக்குச் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. வழி நெடுக ஏதோ ஒன்று அதைச் சூடாக்கிக்கொண்டே வருகிறது. அது எது என்பதில் பல காலமாக இரண்டு கட்சிகள்: கொந்தளிப்பு என்பவர்கள், காந்த அலைகள் என்பவர்கள்.

கொந்தளிப்புக் கட்சி 1968-லேயே பேசத் தொடங்கிவிட்டது. மரைனர் 2 விண்கலம் அனுப்பிய தரவுகளைப் பார்த்த ஆய்வாளர் கோல்மன், பெரிய சுழிகள் உடைந்து சிறிய சுழிகளாகி, கடைசியில் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது என்றார். பூமிக்கு அருகே காந்தப்புல ஏற்ற இறக்கங்களின் நிறமாலை (எந்த அளவுச் சுழியில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைவு), கொந்தளிப்புக்கு 1941-ல் கோல்மகோரவ் சொன்ன 5/3 சரிவை ஒட்டியே இருக்கிறது. இப்படி இறங்கி வரும் ஆற்றலைக் கணக்கிட்டால், தேவையான வெப்பத்துக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. இந்தக் கட்சியின் உண்மையான பலம் இந்தக் கணக்குதான்.

சிக்கல் 1971-ல் வந்தது. மரைனர் 5 தரவுகளை அலசிய பெல்ச்சரும் டேவிஸும், வேகமான காற்றில் திசைவேகமும் காந்தப்புலமும் சேர்ந்தே ஆடுவதைக் கண்டார்கள். காந்தக் கோடுகள் நெடுக ஓடும் என்று 1942-ல் ஆல்வேன் கணித்த அதே காந்த அலைகள். பெரும்பாலும் சூரியனை விட்டு வெளியே போகிறவை. சூரியக் காற்று போன்ற காந்தப் பிளாஸ்மாவில் (மின்னூட்டத் துகள்களாலான வாயுவில்) எதிரெதிர் அலைகள் மோதினால்தான் சுழிகள் உடையும். எல்லாம் ஒரே பக்கம் ஓடினால் எது எதோடு மோதும்?

இன்னொரு கேள்வி, வெப்பம் யாருக்குப் போகிறது என்பது. என் பார்வையில் இதுதான் முக்கியமான சோதனை. சோஹோ விண்கலம் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் துருவப் பகுதிகளைப் பார்த்தபோது, காந்தப்புலத்துக்குக் குறுக்குத் திசையில் ஆக்சிஜன் அயனிகளின் (எலெக்ட்ரான்களை இழந்த அணுக்களின்) வெப்பநிலை 10 கோடி டிகிரியைத் தாண்டியிருந்தது. புரோட்டான்கள் சில பத்து லட்சம் டிகிரியோடு நின்றன. எளிய கொந்தளிப்புக் கோட்பாட்டில் இதற்கு விடை இல்லை. அயனிச் சுழற்சி அலைகளிடம் இருக்கிறது: அயனி காந்தக் கோட்டைச் சுற்றும் அதே தாளத்தில் அலையும் சுழன்றால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் ஏறும். சரி, ஆனால் அவ்வளவு அதிக அதிர்வெண் அலைகள் எங்கிருந்து வருகின்றன? அலைக் கட்சி இங்கே வெகுகாலம் திணறியது. (சுழற்சித் தாளம் தேவையில்லை, வலுவான ஏற்ற இறக்கங்களே அயனிகளைத் தாறுமாறாக உதைத்துச் சூடாக்கும் என்று மூன்றாவது தரப்பும் உண்டு. அதையும் ஒதுக்க முடியாது.)

2018-ல் கிளம்பிய பார்க்கர் விண்கலம் வந்த பிறகு விவாதத்தின் போக்கே மாறிவிட்டது. சூரியனுக்கு அருகே நிறமாலைச் சரிவு 5/3 அல்ல, 3/2 ஆகிறது. அயனி அளவிலான, அதாவது அயனி காந்தக் கோட்டைச் சுற்றும் வட்டத்தை ஒத்த அளவுள்ள அலைகளும் தாராளமாகத் தென்படுகின்றன. 2022 பிப்ரவரியில் ஒரே காற்றோட்டத்தை முதலில் பார்க்கரும், சுமார் இரண்டு நாள் கழித்து வெகு தொலைவில் சோலார் ஆர்பிட்டர் விண்கலமும் அளந்தன. இடையில் ஆல்வேன் அலைகள் இழந்த ஆற்றல், காற்று பெற்ற வெப்பத்துக்கும் வேகத்துக்கும் ஈடாக இருந்தது.

ஆக, வேகமான காற்றுக்கு என் ஓட்டு இரண்டையும் இணைக்கும் புதிய கோட்பாட்டுக்கு. ஒரு பக்க அலைகள் மிகுந்தால் கொந்தளிப்பின் ஆற்றல் அயனி அளவுக்குக் கீழே இறங்க முடியாமல் தேங்கும். தேங்கியது அயனிச் சுழற்சி அலைகளைக் கிளப்பும். அதிக அதிர்வெண் அலைகள் எங்கிருந்து வருகின்றன என்ற பழைய கேள்விக்கும் இதில் பதில் கிடைக்கிறது. இருபக்க அலைகளும் ஓரளவு சமமாக இருக்கும் மெதுவான காற்றில் இந்தத் தடை எழாது. அங்கே கோல்மன் சொன்ன வழியே போதும்.