மாலி கிராபிக்ஸுக்கு லிப்மாலியா, மேசாவா?

ஆர்கே3588 சிப் வைத்த சின்ன போர்டில் லினக்ஸை ஏற்றி, கிராபிக்ஸ் டிரைவர் சரியாக அமையாவிட்டால் உடனே தெரிந்துவிடும். எட்டு கோர் இருந்தும் ஜன்னலை இழுத்தால் திக்கித் திக்கி நகரும். கிராபிக்ஸ் விவரம் காட்டும் ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையை ஓட்டிப் பார்த்தால் ரெண்டரர் வரியில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று நிற்கும். கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்க, அதன் வேலையையும் சிபியு செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியான மாலி ஜி610-ஐ வேலை செய்ய வைக்க இரண்டு வழி. ஒன்று லிப்மாலி, மூல நிரல் கிடையாது, பைனரியாக மட்டும் வரும். மற்றது திறந்த மூல மேசா; லினக்ஸின் மையமான கர்னலுக்குள் அதற்குத் துணை பான்தோர் டிரைவர். இரண்டையும் ஓட்டிப் பார்த்து மேசாவில் தங்கிவிட்டவன் நான், எனவே பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும். ராஸ்பெர்ரி பை 4, 5 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அவற்றுக்கான டிரைவர் மேசாவிலேயே இருக்கிறது.

வேகத்தைப் பற்றி நீட்ட எதுவுமில்லை. டெஸ்க்டாப், பிரவுசர் அளவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கனமான விளையாட்டுகளை நான் ஓட்டுவதில்லை, அதில் என் சொல்லை நம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: லிப்மாலி தருவது ஓபன்ஜிஎல் இஎஸ், அதாவது கைபேசி போன்ற சிறு கருவிகளுக்கான ஓபன்ஜிஎல் கிராபிக்ஸ் இடைமுகம். டெஸ்க்டாப் ஓபன்ஜிஎல் கேட்கும் நிரலுக்கு நடுவில் ஜிஎல்4இஎஸ் மாதிரி ஒரு அடுக்கைச் செருக வேண்டும். மேசா டெஸ்க்டாப் ஓபன்ஜிஎல் 3.1-ஐ நேரடியாகவே தருகிறது.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. லிப்மாலியின் கோப்புப் பெயரையே பாருங்கள்: ‘வால்ஹால்’, ‘ஜி610’, ‘ஜி13பி0’, ‘எக்ஸ்11-வேலேண்ட்-ஜிபிஎம்’ என்று துண்டு துண்டாக நீளும். முதல் இரண்டும் சிப்பைக் குறிப்பவை. கடைசித் துண்டு, எந்தத் திரை அமைப்புக்காகக் கட்டப்பட்டது என்பது. எக்ஸ்11-க்கு மட்டும் கட்டியதை எடுத்துவந்து வேலேண்டில் போட்டால் ஓடாது. நடுவில் உள்ள ‘ஜி13பி0’தான் வில்லங்கம். அது பதிப்பு எண். கர்னலுக்குள் இருக்கும் மாலி டிரைவரும் இந்த நூலகமும் ஒத்துப்போகும் பதிப்புகளாக இருக்க வேண்டும். கர்னலை மட்டும் ஏற்றினால் நூலகம் முரண்டு பிடிக்கும். நூலகத்தை மட்டும் மாற்றினால் கர்னல் முரண்டு பிடிக்கும். அந்தக் கர்னல் டிரைவர் மெயின்லைனில் (லினக்ஸின் அதிகாரபூர்வப் பொதுக் கர்னலில்) கிடையாது என்பதால், போர்டு விற்றவர் கொடுத்த 5.10 அல்லது 6.1 கர்னலோடு கட்டிப்போட்ட மாதிரிதான்.

அதோடு முடியவில்லை. லிப்மாலி தனக்கென்று இஜிஎல், ஜிபிஎம் நூலகங்களை (கிராபிக்ஸைத் திரை அமைப்போடு இணைப்பவை) கொண்டுவந்து மேசாவுடையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பல நிறுவல் ஸ்கிரிப்டுகள் இதைக் கோப்பை நேராக மாற்றிவைத்துத்தான் செய்கின்றன. அப்புறம் ஒருநாள் வழக்கமான சிஸ்டம் அப்டேட்டில் மேசா தொகுப்பு புதுப்பிக்கப்படும், பழைய கோப்புகள் திரும்பி வரும், மறுபடி எல்எல்விஎம்பைப். பிழைச் செய்தி எதுவும் வராது. போர்டு சூடாவதை வைத்துத்தான் சந்தேகம் வரும்.

மேசா பக்கம் இந்தச் சங்கிலி இல்லை. பான்தோர் 2024-இல் 6.10 கர்னலில் சேர்ந்தது, மேசாவில் 24.1 முதல் ஆதரவு. கர்னலுக்கும் மேசாவுக்கும் இடையிலான இடைமுகத்தை உடைக்கக் கூடாது என்பது கர்னல் தரப்பின் கறாரான விதி. ஆகவே எதை முதலில் ஏற்றினாலும் மற்றது கோபித்துக்கொள்ளாது. டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பில் மேசா 22.3தான், போதாது. டெபியன் 13-இல் 25.0 வருகிறது.

மேசா வழியிலும் முள் உண்டு. பான்தோருக்கு ஒரு ஃபர்ம்வேர் கோப்பு (மாலிக்குள் ஏற்றப்படும் நிரல்) கட்டாயம். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் டிரைவர் கிளம்பாது, கர்னல் பதிவில் புலம்பல் மட்டும் மிஞ்சும். கிராபிக்ஸும் திரை வெளியீடும் தனித்தனி சமாசாரம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: ஆர்கே3588-க்கான ஹெச்டிஎம்ஐ வெளியீடு மெயின்லைனில் 6.13-இல்தான் சேர்ந்தது.

வீடியோ டிகோடிங்கும் மாலியின் வேலை அல்ல. அதற்குத் தனி வன்பொருள், தனி டிரைவர். லிப்மாலி போட்டால் 4கே வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடும் என்று நம்புவது வீண். ஆனால் அந்த டிகோடர் இன்னும் நன்றாக ஓடுவது போர்டுக்காரர் கர்னலில்தான், இதை மறைக்க முடியாது. வீடியோவுக்காக அங்கேயே இருக்க வேண்டியவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு: இத்தகைய போர்டுகளுக்கான லினக்ஸான ஆர்ம்பியன் தரும் அந்த 6.1 கர்னலில், புதிய கர்னலிலிருந்து பான்தோரையும் எடுத்துவந்து சேர்த்திருக்கிறார்கள். பூட் அமைப்பில் அதற்கான ஓவர்லேயை (வன்பொருள் அமைப்பை மாற்றிச் சொல்லும் சிறு கோப்பு) சேர்த்து, லிப்மாலியை நீக்கிவிட்டு, புதிய மேசாவைப் போட்டால் போதும்.

லிப்மாலிக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே இமேஜை எழுதி, அப்டேட்டே தொடாமல் பூட்டிவைக்கும் அறிவிப்புத் திரைக்கு அது சரி. கிராபிக்ஸ் சிப்பில் பொதுவான கணக்குகளை ஓட்டும் ஓபன்சிஎல் தேவைப்படுபவர்கள் பலரும் அதையே நாடுகிறார்கள்; நான் அதில் இறங்கியதில்லை.

எல்லாம் போட்டும் எல்எல்விஎம்பைப் போகவில்லையா? ‘டெவ்’ அடைவுக்குள் ‘டிஆர்ஐ’யைத் திறந்து பாருங்கள். ‘ரெண்டர்டி’ என்று தொடங்கும் கோப்பு இல்லையென்றால் சிக்கல் கர்னலில். இருந்தும் வேலை செய்யவில்லையென்றால், உங்கள் பயனர் கணக்கு ‘ரெண்டர்’ குழுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.