யன்னல் பிளாஸ்டிக்: குளிருக்கு நல்லது, பெயின்றுக்குக் கேடு

சித்திரை பிறந்ததும் ரொறன்ரோக் கடைகளில் ஸ்னோ அள்ளும் சவளும் உப்புப் பையும் மூலைக்குப் போய்விடும். குளிரை மறிக்க யன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் உள்ள பெட்டி அரைவிலைக்கு வரும். போன கோடையில் மார்க்கம் நகரில் பழைய வீடொன்று வாங்கிய நண்பர் அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டிருந்தார். "மச்சான், நீ வருசா வருசம் ஒட்டுறனியெல்லோ, வாங்கலாமா?" செய்தி வந்த நேரம் நான் அதே பிளாஸ்டிக்கின் டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். ஆகவே பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

பொருளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. யன்னல் சட்டத்தைச் சுற்றி இருபக்க டேப், அதன்மேல் மெல்லிய தாள், ஹெயார் டிரையரால் சூடு காட்டினால் சுருங்கி இறுகும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் அசையாமல் நிற்கிற காற்றுத்தான் குளிரை மறிக்கிறது. தாளின் வேலை அந்தக் காற்றை அசையவிடாமல் வைத்திருப்பது மட்டுமே.

எங்களுடையது ஸ்காபரோவில் எழுபதுகளில் கட்டின வீடு. அந்தக் காலத்து அலுமினிய ஸ்லைடர் யன்னல்கள் இன்னும் இருக்கின்றன. அலுமினியம் சூட்டையும் குளிரையும் தாராளமாகக் கடத்தும் சாமான். வெளியே மைனஸ் 20க்குப் போனால் உள்ளே சட்டத்தின் மேலேயே பனி பூக்கும். அதோடு எங்கள் சமையல் வேறு. இரவில் இடியப்பம் அவித்தால் அந்த நீராவி முழுவதும் ஹோல் யன்னலில் போய்த் தண்ணீராகி வழியும். காலையில் துவாய் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், விட்டால் யன்னல் விளிம்பு கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடி குளிர்ந்திருக்கும்வரை அதை எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பிளாஸ்டிக் ஒட்டிய முதல் குளிர்காலமே அந்தத் தண்ணீர் நின்றுவிட்டது. வீட்டுக் காற்று படுகிற பக்கம் இப்போது கண்ணாடி இல்லை, தாள். அது அவ்வளவு குளிராது, அதனால் ஈரம் அதில் படிவதில்லை. மாமியின் கதிரை எப்போதும் அந்த யன்னலடியில்தான் இருக்கும். தை மாதத்தில் அதைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போடுவார். பிளாஸ்டிக் வந்த பிறகு இழுப்பதில்லை. "தம்பி, இப்ப முதுகில காத்துப் படேல்லை" என்றார். மாமி வாயால் இந்த வீட்டில் வேறெந்தச் சாமானும் பாராட்டு வாங்கியதில்லை.

பெட்டியில் சொல்லாத நன்மை ஒன்று இருக்கிறது. நான் இந்தப் பிளாஸ்டிக்கை மன்னித்து வைத்திருப்பதே அதற்காகத்தான். வடிவாக இறுக்கி ஒட்டிய தாள் காற்றடிக்கிற இரவில் மெல்ல உள்ளே வீங்கி, பிறகு அடங்கும். முதலில் டேப் விட்டுவிட்டதென்று நினைத்துச் சுற்றிவரத் தடவிப் பார்த்தேன், எங்கும் விடவில்லை. வெளிக்காற்று சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள வெடிப்பால் வந்து தாளைத் தள்ளுகிறது. குசினியில் புகை இழுக்கும் ஹூட் ஓடினாலும், உடுப்புக் காயவைக்கும் மெஷின் ஓடினாலும் அதே கதை. அவை வீட்டுக் காற்றை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று கிடைத்த ஓட்டையால் உள்ளே வருகிறது. எந்தத் தாள் கூட வீங்குகிறதோ அந்த யன்னலில்தான் ஓட்டை பெரிது.

இதை முழுதாகக் காட்டியது எனர்கைட் மதிப்பீடு, அதாவது வீடு எவ்வளவு சக்தியை வீணாக்குகிறதென்று அளக்கும் சோதனை. 2021இல் மத்திய அரசு சக்தி மிச்சமாகும்படி வீடு திருத்துகிறவர்களுக்குக் கிரீனர் ஹோம்ஸ் மானியம் தொடங்கியபோது, திருத்த வேலைக்கு முன்னும் பின்னும் அந்த மதிப்பீடு செய்தால்தான் காசு. மதிப்பிட வந்தவர் முன்கதவில் பெரிய விசிறியொன்றைப் பூட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். வீட்டுக்கு உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் காற்றழுத்த வித்தியாசம் வரும்வரை இழுத்துத்தான் கசிவை அளப்பார்கள். விசிறி வேகம் பிடிக்க, ஹோல் யன்னல் தாள் கட்டுமரத்துப் பாய்போலப் புடைத்து நின்றது. பக்கத்து யன்னலில் அசைவே இல்லை. சின்னக் கருவியால் அவர் தேடிக் கண்டுபிடித்த கசிவுகளில் பாதியை எங்கள் பிளாஸ்டிக் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அடுத்த கோடையில் வெளிப்பக்கச் சட்டத்தைச் சுற்றிப் பழைய கோல்க்கை (இடைவெளி அடைக்கும் பசை) வெட்டி எடுத்துப் புதிதாக அடைத்தேன். இப்போது அந்தத் தாளும் அடக்கமாக இருக்கிறது.

இனி டேப். இந்தக் கண்டறியாத டேப்பைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

பெட்டியில் 'தடயமில்லாமல் கழற்றலாம்' என்று போட்டிருக்கிறது. எவன் வீட்டில் கழற்றிப் பார்த்து எழுதினானோ தெரியாது. குளிர்ந்த அலுமினியத்தில் டேப் சரியாகப் பிடிக்காது, அதனால் சுற்றியுள்ள மரச்சட்டத்தில்தான் ஒட்ட வேண்டும். மரச்சட்டத்தில் பெயின்ற் இருக்கிறது. மைனஸ் 20 குளிரில், நடுச்சாமத்தில், மேல்மூலையில் ஓர் அங்குலம் தானாகக் கழரும். அந்த ஓர் அங்குலத்தால் வீட்டு ஈரம் உள்ளே போய்க் கண்ணாடியில் பனியாக உறையும். துடைக்கவும் முடியாது, ஏனென்றால் நடுவில் தாள் இருக்கிறது. வசந்தம் வந்து கழற்றப் போனால் அதே டேப் மரத்தோடு பிறந்ததுபோல் இருக்கும். பிடிக்க வேண்டிய மாதத்தில் பிடிக்காது, விட வேண்டிய மாதத்தில் விடாது.

நியாயமாகச் சொன்னால் முழுக் குற்றமும் டேப்பில் இல்லை. பழைய ஒயில் பெயின்றின் மேல் உரஞ்சாமல் தண்ணீர்ப் பெயின்ற் அடித்திருந்தால் மேலடுக்கு ஒழுங்காகப் பிடித்திருக்காது, இழுத்தவுடன் பட்டையாக உரிந்து வரும். எங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்தவர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். இருந்தாலும், உரிந்த இடத்தைப் பார்க்கும்போது அவர்கள்மேல் வராத கோபம் டேப்மேல்தான் வருகிறது. இன்னொன்று: 1990க்கு முன் கட்டின வீடுகளின் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். உரிந்ததை உலர்ந்தபடி மட்டத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசு கிளப்ப வேண்டாம்.

எனக்குச் சரிவந்த முறை இது. டேப்பை ஹெயார் டிரையரால் இளஞ்சூடாக்கி, வெளியே இழுக்காமல், சட்டத்தோடு ஒட்டியபடி பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். மிஞ்சும் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய். அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், எங்கள் வீடு 21இல் ஓடுகிறது, ஆகவே போத்தலை முதலில் சுடுதண்ணீரில் வைக்க வேண்டும். எண்ணெய் பூசிச் சற்று விட்டால் பிசின் இளகி வரும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெயை முழுதாக எடுக்காவிட்டால் அடுத்த ஒக்டோபரில் டேப் ஒட்டவே ஒட்டாது. பத்துப் பதினைந்து டொலர்ச் சாமானுக்கு இவ்வளவு பணிவிடை.

"அப்ப யன்னலை மாத்து" என்று கேட்கிறவர்களுக்கு: விலை கேட்டுத்தான் பார்த்தோம். அந்தக் கிரீனர் ஹோம்ஸ் மானியம் முழு வீட்டுக்கும் 5,000 டொலர் வரை என்றாலும், யன்னலுக்கென்று தந்தது சுவரில் யன்னல் பூட்டும் ஒரு வாய்க்கு 125 அல்லது 250 டொலர். கேட்ட விலைக்கு முன்னால் அது காணாது. 2024 தொடக்கத்தோடு புது விண்ணப்பமும் எடுக்காமல் விட்டார்கள். அலுமினிய யன்னலை மாற்றுவதுதான் சரியான வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. காசு சேரும்வரைதான் பிளாஸ்டிக்.

குசினி யன்னலில் ஒட்டவே வேண்டாம். ஒட்டினால் சித்திரைவரை திறக்க முடியாது. எங்கள் ஆட்கள் தூளுக்கு மிளகாய் வறுக்கிற நாளில் ஹூட்டை மட்டும் நம்பியிருந்தால் முழு வீடும் இருமும், மேல்மாடியில் புகை அலாரம் அலறும். பேஸ்மென்றில் யாராவது குடியிருந்தால், அவர்கள் படுக்கிற அறையிலும் வேண்டாம். நெருப்பென்று வந்தால் அந்த யன்னல்தான் அவர்களுக்கு வழி. தாளைக் கிழித்துக்கொண்டு போகலாமென்று சிலர் சொல்வார்கள், நடுச்சாமத்துப் புகைக்குள் அதை யார் சோதித்துப் பார்ப்பது? மற்ற வேலைகள் உனக்கே தெரியும்: வெளிக்குழாயை உள்ளே பூட்டித் தண்ணீரை வடிய விடு, பேர்னஸ் பில்டரை மாற்று, பீலியில் இலையை அள்ளு.

நட்சத்திரம் கேட்டால், இன்றைய நிலையில் 5க்கு 2. தண்ணீர் வழியவில்லை, மாமி குளிரவில்லை, ஓட்டை எங்கேயென்று இலவசமாகக் காட்டித் தந்தது, எல்லாம் சரி. எனக்கு இப்போது தெரிவது சட்டத்தின் இடதுபக்கத்தில் உரிந்து கிடக்கிற வெறும் மரம். ஒக்டோபரில் கேட்டிருந்தால் 4 தந்திருப்பேன்.

அரைவிலை என்றால் வாங்கு மச்சான். ஆனால் பெட்டியைக் கோடை முழுக்கக் கராஜில் போடாதே. வெக்கையில் கிடந்த ஒரு பெட்டியின் டேப் எனக்கு ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. உள்ளே ஏதாவது அலுமாரியில் வை. இல்லாவிட்டால் தாளை மட்டும் இப்போது மலிவில் வாங்கி, டேப்பைப் புரட்டாதியில் தனியாகப் புதிதாக வாங்கு.