கண்ணாடி வேலைக்கு முழு மார்க், கேமரா வேலைக்குப் பாதிதான்

மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை கார் முன்கண்ணாடி மாற்றித் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. டாரஸ் லாரியிலிருந்து தெறிக்கிற ஜல்லி அவர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் எலிவேட், கிரெட்டா, எக்ஸ்யூவி 700 போன்ற கார்களின் மேல் வேரியன்ட்களில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி ஏடாஸ் (தானே பிரேக் பிடிக்கவும் லேன் விலகாமல் ஓட்டவும் உதவும் வசதி) கேமரா இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் அதைக் கழற்றி மாட்டி, மறுபடி கேலிபிரேஷன் (கேமராவின் பார்வையைத் துல்லியமாக நேர்செய்வது) செய்தே ஆக வேண்டும். இந்த இரண்டாவது வேலையில்தான் கடைக்குக் கடை மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கண்ணாடி ஒட்டுவதில் நம்மூர்க் கைகள் சுத்தம். பழைய பி.யு. (பாலியூரிதேன்) பசையை அடியோடு சுரண்டாமல் 1 முதல் 2 மி.மீ. விட்டு அறுத்து, அதன்மேல் புதுப்பசை இழுக்கிறார்கள், அதுதான் முறை. அறுக்கும்போது பெயின்ட் கீறியிருந்தால் அந்த இடத்தில் பிரைமர் தொட்டு வைத்தார்களா என்று மட்டும் பாருங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் அந்தக் கீறல் சீக்கிரம் துருவேறும். துருவின் மேல் பசை நிற்காது. மழைக்கு டேஷ்போர்டுக்குள் தண்ணீர் இறங்கும். ஈரக்காற்றால் ஒரு லாபமும் உண்டு: இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகுகிறது. அதற்காக, டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியுமுன் வண்டியை எடுத்துவிடாதீர்கள். நாலு ஜன்னலையும் ஏற்றிவிட்டுக் கதவை அறையவும் வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியை வெளியே தள்ளும்.

கேமராவைத் தாங்கும் பிராக்கெட் இல்லாத மலிவுக் கண்ணாடியை வாங்கி, பழைய கண்ணாடியிலிருந்து கேமரா பிராக்கெட்டைப் பெயர்த்து ஒட்டித் தருகிற கடையென்றால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். கேமரா 1 டிகிரி திரும்பினால் 100 மீட்டர் தூரத்தில் அதன் கணக்கு 1.75 மீட்டர் பிசகும். 3.5 மீட்டர் லேனில் அது சரிபாதி. பக்கத்து லேனில் போகிற பஸ்ஸை நம் முன்னால் போவதாக நினைத்துக் கார் பிரேக் பிடிக்கும். நிஜமாகவே முன்னால் நிற்பதைக் கோட்டைவிடும்.

இதைவிட மோசம், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, அதில் பதிவான பழுதுக் குறியீட்டை (எர்ரர் கோட்) அழித்துவிட்டு 'கேலிபிரேஷன்' என்று பில் போடுவது. டேஷ்போர்டில் லைட் அணைந்துவிடும். கேமராவுக்கு நேர் எது, கோணல் எது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

உண்மையில் செய்கிறார்களா என்று தரையைப் பார்த்தே சொல்லலாம். நிற்கும் காரின் முன்னால் டார்கெட் போர்டு (கேமரா பார்த்து நேர்செய்துகொள்ளும் குறிப்பலகை) வைத்துச் செய்யும் ஸ்டாட்டிக் முறைக்கு மட்டமான தரை வேண்டும். வாட்டர் வாஷ் தளத்தில் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். அங்கே வண்டியை நிறுத்தினால் ஆரம்பமே தப்பு. நல்ல டெக்னீஷியன் முதலில் நாலு டயருக்கும் காற்று பார்ப்பார், டிக்கியைக் காலி செய்யச் சொல்வார், ஸ்டீரிங்கை நேராக்குவார், பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டுவார். வோல்டேஜ் இறங்கினால் பாதியில் ஸ்கேனர் துண்டித்துக்கொள்ளும். பிறகு முன் லோகோ, பின் லோகோ இரண்டின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, இரண்டையும் இணைத்து நூலை முன்னால் நீட்டுவார். அந்தக் கோட்டில்தான் போர்டின் நடு நிற்க வேண்டும். தூரமும் உயரமும் அந்த மாடலுக்குக் கார் கம்பெனி சொன்ன அளவு. லேசர் இருந்தால் நூல் தேவையில்லை. திறந்தவெளியில், அதுவும் ஆரல்வாய்மொழிக் காற்றில் போர்டை நிறுத்துகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

சில கார்களுக்கு டைனமிக் முறை: ஸ்கேனரை மாட்டியபடி, கம்பெனி சொல்லும் வேகத்தில் ஓட்ட வேண்டும். லேன் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும், மழை கூடாது. மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் இது நடக்காது. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு தாண்டி நாங்குநேரி நோக்கிப் போகும் நான்குவழிச் சாலைதான் தோது. ஆரல்வாய்மொழி வரை அதிகாலை வெயில் நேரே கேமராவில் அடிக்கும், ஆகவே சற்று ஏறுவெயிலில் கிளம்புங்கள்.

வீட்டுக்கே வந்து மாட்டித் தரும் சேவை கேமரா இல்லாத காருக்கு அருமை. இருக்கிற காருக்கு வேண்டாம். கேமரா காரென்றால் கூடுதல் செலவானாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரைத்தான் சொல்வோம், அங்கேயும் வேலைக்கு முன், வேலைக்குப் பின் என இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட் தந்தால் மட்டும். வசதி இங்கே இல்லை, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போங்கள் என்றால், போகும் வழியில் லேன் அசிஸ்டையும் ஆட்டோ பிரேக்கையும் மெனுவில் அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். 1500 சிசி வரை 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயப் பிடித்தம் (நம் கையிலிருந்து கட்ட வேண்டியது) உண்டு. கேலிபிரேஷன் கட்டணத்தை முதல் எஸ்டிமேட்டிலேயே தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்துவிட்டுப் போன பிறகு சேர்த்தால் இழுபறிதான்.

ஃபாஸ்டேக் பழைய கண்ணாடியோடு போய்விடும், உரித்து ஒட்டினால் கிழிந்துவிடும். வங்கியில் புதியது கேட்டு வாங்குங்கள். ஒட்டும்போது கேமராவின் பார்வைக்கு விட்டிருக்கும் தெளிவான இடத்தில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.