மடித்து வைக்கும் பேக்பேக் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நேற்று இரவுதான் பயணம் முடிந்து திரும்பினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறினால் "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருட்டி, அதன் பாக்கெட்டுக்குள்ளேயே திணித்து வைக்கும் பேக்பேக் பார்த்திருப்பீர்கள். பெரிய பெட்டியை அறையில் வைத்துவிட்டு, பகல் முழுக்கச் சுற்ற அதை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். எனக்கும் அதுதான் தேவைப்பட்டது. அம்மாவோடு போகிறேன். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்வெட்டர், அம்மாவின் மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, டாக்டர் சீட்டு. அவ்வளவுதான் சுமை.

வாங்கியது ஓர் ஆன்லைன் சந்தையில். பல விற்பனையாளர்கள் ஒரே இடத்தில் கடை விரிக்கும் வகை. பெயர் சொல்லப் போவதில்லை. இதே ஆட்டம் எந்தத் தளத்திலும் நடக்கலாம். கொடுத்த பணத்துக்கு நாலு சாதாரணத் தோள்பை வாங்கியிருக்கலாம். நாலு! மடிக்க முடியும், எடை இல்லை என்பதற்காகத்தான் அவ்வளவு கொடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விற்பனையாளரிடம் சாட்டில் மூன்று கேள்வி கேட்டேன். என்ன துணி, எத்தனை லிட்டர், மழை தாங்குமா? இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "210 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான், 20 லிட்டர், எடை 75 கிராம், முழு வாட்டர்ப்ரூஃப்." துணியின் மேல் தண்ணீர் ஊற்றுவது போல ஒரு வீடியோவும் அனுப்பினார்கள். முத்து முத்தாக உருண்டு ஓடியது. அப்போதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. "அம்மாவின் மாத்திரையும் டாக்டர் சீட்டும் உள்ளே இருக்கும், நனைந்துவிடக் கூடாது" என்று எழுதினேன். அதற்கு வந்த பதிலை இப்போதும் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருக்கிறேன்: "நானும் எங்க அம்மாவுக்கு இதே பைதான் வாங்கிக் கொடுத்திருக்கேன். கவலையே படாதீங்க."

அந்த ஒரு வரியில்தான் விழுந்தேன். உடனே முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன்.

அந்தப் பதிலிலேயே பொய் இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. டெனியர் என்பது நூலின் கனம். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். 100 கிராமுக்குக் கீழே வருகிற மடிப்புப் பைகள் பொதுவாக 20, 30 டெனியர் மெல்லிய துணியில் தைத்தவை. 210 டெனியர் என்றால் அதைப்போல ஏழு மடங்குக்கும் குறையாத கனமுள்ள நூல். அந்தத் துணியில் 20 லிட்டர் பை தைத்து, ஜிப்பும் பட்டையும் வைத்து, 75 கிராமில் முடிக்க முடியாது. இரண்டு எண்களும் சேரவே சேராது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அந்த வீடியோவும் அப்படித்தான். மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சுப் பூசிய எந்தப் புதுத் துணியிலும் தண்ணீர் உருண்டுதான் ஓடும். தையல் மேலோ ஜிப் மேலோ அவர்கள் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பை வந்தது. சொன்னபடி சின்னதாகச் சுருண்டது, பார்க்க அழகாகவும் இருந்தது. அதில் எடை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்படியே பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

பயணத்தின் இரண்டாம் நாள். படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறோம், சர்ரென்று ஒரு சத்தம். இடது தோள் பட்டை மேல்பக்கம் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. பை நாலு படி உருண்டு விழுந்தது. அம்மாவின் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். பட்டை பிய்ந்த இடத்தைப் பார்த்தேன். நூல் அறுந்துபோகவில்லை, தைத்த நூல் முழுசாக அங்கேயே இருந்தது. துணிதான் இழை இழையாகப் பிரிந்து தையலிலிருந்து நழுவியிருந்தது. ஓரத் துணியை ஒரு நகக்கண் அகலம்கூட உள்ளே விடாமல், ஒரே ஒரு வரித் தையல் போட்டிருக்கிறார்கள். முழுச் சுமையும் தொங்குகிற இடத்தில்!

ஊக்கு குத்திச் சமாளித்தோம். மறுநாள் மழை. கால் மணி நேரம்கூட நனையவில்லை, ஜிப் வழியாகவும் அடித் தையல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. மாத்திரை பிழைத்தது. டாக்டர் சீட்டில் மை கரைந்து பாதி எழுத்து போய்விட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. "விடும்மா, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அன்று இரவு அறையில் பையை உள்வெளியாகத் திருப்பி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ரிப்ஸ்டாப் என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் கனமான நூலைச் சேர்த்து நெய்திருப்பார்கள். அதனால்தான் துணியில் கட்டம் கட்டமாகத் தெரியும், கிழிசலும் அந்த நூலில் வந்து நிற்கும். என் பையில் கட்டம் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்பக்கம் வெறும் துணி. நகத்தால் தடவினால் மேடு எதுவும் தட்டுப்படவில்லை. ஆமாம், கட்டத்தை அச்சடித்திருக்கிறார்கள். நெய்யவே இல்லை.

இன்று காலை டேப் வைத்து அளந்தேன். உயரம் 36, அகலம் 24, ஆழம் 13 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 11 லிட்டர் சொச்சம்தான் வருகிறது. சொன்னது 20. தராசில் வைத்தால் 140 கிராம். சொன்னது 75.

இனி புகார்க் கதை. படிக்கட்டில் விழுந்த அன்றே எழுதினேன். "படம் அனுப்புங்கள்" என்றார்கள். ஆறு படம் அனுப்பினேன். மறுநாள் வேறொருவர் வந்து, எதையும் படிக்காமல், "படம் அனுப்புங்கள்" என்றார். மறுபடியும் அனுப்பினேன். மூன்றாமவர், "பயன்படுத்திய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார். தோளில் மாட்டாமல் பட்டை தாங்குமா என்று எப்படி ஐயா தெரிந்துகொள்வது என்று கேட்டேன். "அதிக எடை வைத்திருப்பீர்கள்" என்று பதில். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு ஸ்வெட்டர், ஒரு மாத்திரை டப்பா. எல்லாம் சேர்த்து இரண்டு கிலோகூட வராது!

விற்பனையாளரைக் கேட்டால் தளத்தைக் கேளுங்கள் என்கிறார். தளத்தைக் கேட்டால் விற்பனையாளரைக் கேளுங்கள் என்கிறார்கள். நாலு பையின் விலையை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். அடுத்த முறையா? அப்புறம் என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடிவிட்டார்கள். எதைத் தீர்த்தார்கள்? எங்க அம்மாவுக்கும் இதே பைதான் என்று சொன்ன அந்த நபரை அதே சாட்டில் நாலு முறை கூப்பிட்டேன். "உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம்" என்று தானியங்கிப் பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

நட்சத்திரம் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாங்கும் முன் நானும் ரிவ்யூ எல்லாம் படித்தவள்தான். இப்போது மறுபடி படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பை கைக்கு வந்த அன்றே எழுதியிருக்கிறார்கள். கலர் அழகு, சின்னதாக மடிகிறது, சீக்கிரம் வந்தது. ஒரு பயணம் போய் வந்து எழுதியவர் ஒருவரைக்கூடக் காணோம். நான் எழுதிய ரிவ்யூ "பரிசீலனையில்" இருக்கிறதாம்.

இந்த மாதிரிப் பையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சத்தியமாக இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும் செய்யுங்கள்.

பையின் உள்பக்கப் படம் கேளுங்கள். தரவில்லை என்றால் வாங்காதீர்கள். பட்டை உடலோடு சேரும் இடத்தில் நெருக்கமான ஜிக்ஜாக் தையல் குறுக்கே கட்டியாக ஓட வேண்டும். ஒற்றை வரி என்றால் வேண்டவே வேண்டாம். லிட்டரை நம்பாதீர்கள், அளவைக் கேட்டு நீங்களே பெருக்குங்கள். வாட்டர்ப்ரூஃப் என்று யார் சொன்னாலும் காகிதத்தையும் மருந்தையும் தனியாக ஒரு ஜிப் கவரில் போடுங்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். வந்த அன்றே இரண்டு மூன்று கிலோ வைத்து, ஒரு பட்டையில் மட்டும் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். பிய்ந்தால் வீட்டிலேயே பிய்யட்டும், ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் பிய்யட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மெயில் வந்தது. மறுபடி திறந்த புகாரை மறுபடியும் மூடிவிட்டார்கள், அதே "தீர்க்கப்பட்டது". நாலு பையின் விலை, முழுசாக, இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. பணம் கட்டிய வங்கிக்கு எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து எழுதிவிட்டேன். அவர்கள் கேட்டால் காட்டுவதற்காகப் பையை அப்படியே வைத்திருக்கிறேன். குத்திய ஊக்கைக்கூடக் கழற்றவில்லை.