பாரிஸில் ஃபிளாட் எடுக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் அந்த 13 இலக்க எண்ணைப் பாருங்கள்

பாரிஸ் ஹோட்டல் அறைகள் பெரும்பாலும் இருவருக்குத்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு அறை எடுக்கச் சொல்வார்கள், கட்டுப்படியாகாது. அதனால் ஃபிளாட் தேடுவோம். ஏமாற்றுக்காரர்கள் காத்திருப்பதும் அங்கேதான்.

பெரிய புக்கிங் தளத்திலேயே விளம்பரம் இருக்கும்: பாரிஸின் நடுவிலுள்ள மரே பகுதி, அக்கம்பக்க வாடகையில் பாதி. விசாரித்ததும் 'ஓனர்' வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்வார். கமிஷன் மிச்சம், அதைத் தள்ளுபடியாகத் தருகிறேன், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள் என்பார். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும் என்ற நம் அவசரம் அவருக்கு அத்துபடி. கேட்கும் முன்பே கடிதம் வந்துவிடும். பணம் போனதும் ஆள் காணாமல் போவார். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிட வழியுண்டு. ஐபான் எண்ணுக்கு (ஐரோப்பிய வங்கிக் கணக்கு எண்) டிரான்ஸ்ஃபர் செய்ததை மீட்பது குதிரைக்கொம்பு. தளமும் 'எங்கள் வழியாகக் கட்டவில்லையே' என்று கைவிரித்துவிடும்.

பாரிஸில் நாள் வாடகைக்கு விடும் ஃபிளாட்டின் விளம்பரத்தில் 13 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். (ஹோட்டலுக்கு இது கிடையாது.) நகராட்சி இதுவரை தந்துவந்த எண்ணில் முதல் ஐந்து இலக்கம் வீடு பாரிஸின் எந்த வட்டாரத்தில் (மொத்தம் 20) இருக்கிறது என்று காட்டும். மரே என்றால் 75103 அல்லது 75104. அங்கே 75118 இருந்தால் வீடு 18வது வட்டாரத்தில் இருக்கிறது, அல்லது எண் இரவல். 75004 என்று தொடங்கினால் அது அஞ்சல் குறியீடு, யாரோ இட்டுக்கட்டியது. சரியான எண்ணையும் திருடிப் போடலாம் என்பதால், எண் பொருந்தினாலும் பணத்தைத் தளத்துக்குள்ளேயே கட்டுங்கள்.

'யாராவது கேட்டால் என் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்' என்கிறாரா ஓனர்? வேண்டாம், விட்டுவிடுங்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை 2025 முதல் ஆண்டுக்கு 90 நாள்தான் இப்படி வாடகைக்கு விடலாம். அந்தக் கணக்கைத் தாண்டியவர்கள் பேசும் பேச்சு இது.

உண்மையான ஃபிளாட்டிலும் ஏமாறலாம். 'டி2' அல்லது '2 பியேஸ்' என்றதும் நம்மவர்கள் இரண்டு பெட்ரூம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு பெட்ரூம், ஒரு ஹால், அவ்வளவுதான். 'நால்வர் தங்கலாம்' என்பதில் ஹால் சோஃபாவும் சேர்த்தி. அதை விரித்தால் எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்று கேளுங்கள். 140க்குக் குறைந்தால் இரண்டு பிள்ளைகள் படுப்பது சிரமம். 'சான்ஸ் அசான்சேர்' என்றால் லிஃப்ட் இல்லை. கூரையடி ஃபிளாட்டில் பரப்பளவை 'லுவா காரே' என்ற பிரெஞ்சுச் சட்டக் கணக்கில் கேளுங்கள், 1.80 மீட்டருக்குக் கீழே உயரமுள்ள இடம் அதில் சேராது.

முறையாக புக் செய்த பிறகும் ஒரு வலை உண்டு. 'கார்டைச் சரிபார்க்காவிட்டால் ரத்தாகும்' என்று ஒரு லிங்க் வரும். ஹோட்டலின் கணக்கையே ஹேக் செய்து அனுப்புவதால் உங்கள் பெயரும் தேதியும் சரியாக இருக்கும், நம்பத் தோன்றும். தொடாதீர்கள். தளத்திலுள்ள எண்ணில் ஹோட்டலுக்கே போன் போடுங்கள்.

பணம் போய்விட்டதா? அன்றே வங்கிக்குச் சொல்லி, இந்தியாவில் 1930 எண்ணிலும் புகார் கொடுங்கள்.